தொடரா, பக்கமா? புவிவெப்ப நீரைப் பங்கிடும் கணக்கு

பூமியின் ஆழத்துச் சூட்டு நீரை எடுக்கும் புவிவெப்பக் கிணற்றிலிருந்து 120 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 100 கிலோ நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 25 மெகாவாட் வெப்பம் கிடைக்கும். மின்சாரமாக மாற்றினாலோ பத்தில் ஒரு பங்கு தேறுவதே பெரிது. அதிலும் கிணற்று பம்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மின்சாரம், வீடுகளுக்கு வெப்பம் இரண்டும் வேண்டுமென்றால் இந்த நீரை எப்படிப் பங்கிடுவது?

தொடரிணைப்பில் முழு நீரும் முதலில் மின் நிலையத்துக்குப் போகிறது. குறைந்த சூட்டில் கொதிக்கும் பென்டேன் போன்ற திரவத்தை ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றிவிட்டு, 60, 70 டிகிரியில் வெளிவரும் நீர் வீடுகளைச் சூடேற்றுகிறது. ஏட்டளவில் அழகான ஏற்பாடு. தரைக்கடியில் வெப்பக் குழாய் பதித்த புது வீடுகளுக்கு அந்தச் சூடு தாராளம்; 90 டிகிரி கேட்கும் பழைய ரேடியேட்டர்களுக்கு (அறையைச் சூடாக்கும் சுவர்க் கருவிகள்) அது எட்டாது.

பக்க இணைப்பில் நீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு முழுச் சூட்டுடன் ஊருக்குப் போகிறது. ஜெர்மனியில் மியூனிக்கை அடுத்த உன்டர்ஹாக்கிங் ஊரில் கிடைப்பது சுமார் 122 டிகிரி நீர். அங்கே வெப்பத்துக்கே முன்னுரிமை. மிஞ்சிய நீரில், அம்மோனியா கலந்த நீரால் இயங்கும் கலினா நிலையம் 2009 முதல் மின்சாரம் எடுத்தது. அது பின்னாளில் நிறுத்தப்பட்டது. வெப்ப விநியோகம் நிற்கவில்லை. காரணங்கள் பல இருக்கலாம், ஆனால் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. காற்றால் குளிரும் டர்பைன் நன்றாக உழைப்பது பனிக்காலத்தில். ஊர் வெப்பம் கேட்பதும் அப்போதுதான். கோடையில் நீர் முழுதும் டர்பைனுக்கே கிடைக்கும், ஆனால் வெளிக்காற்றின் சூடு உற்பத்தியைக் குறைத்துவிடும்.

ஐஸ்லாந்தின் நெஸ்யவெட்லிர் புவிவெப்ப நிலையம் வேறு ரகம். எரிமலைப் பகுதி என்பதால் நீராவியே கிடைக்கிறது. 1990இல் வெப்பத்துக்காகத் தொடங்கி, 1998இல் மின்சாரமும் சேர்த்தார்கள். டர்பைனை விட்டு வரும் நீராவி, அதை மீண்டும் நீராக்கும் கண்டென்சரில், குளிர்ந்த நன்னீரைச் சூடாக்குகிறது. அந்த நீர் 27 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் ரெய்க்யவிக்குக்குப் போகிறது. வீணாகும் வெப்பத்தையே விற்பதால் இங்கே தொடர்தான் சரி, சந்தேகமே இல்லை.

120 டிகிரி கிணற்றுக்கு என் ஓட்டு பக்க இணைப்புக்கு. 150க்கு மேல் என்றால் தொடர். ஆனால் எந்த இணைப்பானாலும், டர்பைனை மெருகேற்றச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஊரின் வெப்பக் குழாய்களுக்குக் கொடுப்பது மேல். வீடுகளிலிருந்து திரும்பும் நீர் இன்னும் 10 டிகிரி குறைவாக வந்தால், அதே கிணற்றில் 4 மெகாவாட்டுக்கு மேல் கூடுதல் வெப்பம் எடுக்கலாம். எரிமலைப் பகுதி நீரில் மட்டும் கை வைக்குமுன் யோசிக்க வேண்டும்: அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் அதில் கரைந்திருக்கும் சிலிக்கா படிந்து குழாயையே அடைத்துவிடும்.