கிளைடர் பறக்கவிட எந்த ரேடியோ: ரேடியோமாஸ்டரா, ஜெட்டியா?

நான்கு சர்வோக்கள் (அசையும் பகுதிகளைத் திருப்பும் சிறு மோட்டார்கள்) கொண்ட இறக்கையுடைய மாதிரிக் கிளைடரை வாங்கியவர்கள் பெரும்பாலும் ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ், செக் நாட்டுத் தயாரிப்பான ஜெட்டி டிஎஸ்-16 ஆகிய இரண்டு ரேடியோக்களுக்கிடையே (தரையிலிருந்து கிளைடரை இயக்கும் கையடக்கக் கருவிகள்) தயங்குகிறார்கள்.

விலை: ஜெட்டிக்குப் பல மடங்கு கூடுதலாகச் செலவாகும், கிளைடருக்குள் பொருத்தி ரேடியோவின் கட்டளையைப் பெறும் ரிசீவர்களும் அப்படியே.

உறுதி: ஜெட்டியின் உடல் அலுமினியம்; ரேடியோமாஸ்டருடையது பிளாஸ்டிக், எனினும் இரண்டின் கட்டுப்பாட்டுக் குச்சிகளும் தொடாமலே காந்தத்தால் அசைவை உணர்வதால் தேய்மானமற்ற ஹால் சென்சாரில் இயங்குபவை.

நிரலாக்கம்: தரையிறங்கும்போது இறக்கையின் வெளிப்பக்க மடிப்புகளான ஏலரான்களை மேலேயும் உட்பக்க மடிப்புகளான ஃபிளாப்புகளை மிகக் கீழேயும் திருப்பி வேகத்தைக் குறைக்கும் 'குரோ' பிரேக்கும், அதனால் மூக்கு எழும்புவதை வால் மடிப்பான எலிவேட்டரால் எவ்வளவு ஈடுசெய்வது என்று வகுக்கும் வளைகோடும்தான் கிளைடருக்கு உண்மையான சோதனை. ரேடியோமாஸ்டரில் இயங்கும் திறந்த மூல மென்பொருளான எட்ஜ்டிஎக்ஸ் இதற்கு எல்லையற்ற சுதந்திரம் தருகிறது, ஆனால் ஒவ்வொரு கலவையையும் (ஒரு குச்சியின் அசைவுக்குப் பல சர்வோக்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பு) நாமே அமைக்க வேண்டியிருப்பதால் பொறுமையற்றவர்களுக்கு அது ஒத்துவராது. ஜெட்டியிலோ இவை ஆயத்த மெனுக்களாகவே உள்ளன.

வேரியோமீட்டர்: ஏறுகாற்றை ஒலியால் உணர்த்தும் வசதி இரண்டிலும் உண்டு.

இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன, கார்பனோ அந்த அலைகளைத் தடுக்கும் என்பதால், கார்பன் உடல் கொண்ட கிளைடரில் ரிசீவர் ஆன்டெனாக்களை வெளியே நீட்டாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

கற்றுக்கொள்பவர்களுக்கும் கணினியில் நோண்ட விரும்புபவர்களுக்கும் ரேடியோமாஸ்டர் போதும். விலையுயர்ந்த பெரிய கிளைடர்களைப் பல ஆண்டுகள் பறக்கவிடப் போகிறவர்கள் ஜெட்டியை வாங்கலாம்.