தோற்கும் பயிற்சியாளருக்கு இன்னும் ஓராண்டா, உடனடி மாற்றமா?

கடந்த மார்ச் மாத இறுதியில், நான் முதுகலை படித்த அமெரிக்க நடுமேற்கு மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர்மீது தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த பருவத்திலும் அவரே தொடர்வார் என்றும் விளையாட்டுத் துறை இயக்குநர் முதல் மின்னஞ்சலில் அறிவித்திருந்தார். இரண்டாவது, என்னுடைய இரண்டு சீசன் டிக்கெட்டுகளைப் புதுப்பிப்பதற்கான கட்டண அறிவிப்பு. தொடர்ந்து மூன்று பருவங்களாக வென்றதைவிட அதிகமாகத் தோற்ற அணி அது. பதினோர் ஆண்டுகளாக விடாமல் புதுப்பித்து வந்த நான் இம்முறை புதுப்பிக்கவில்லை. பயிற்சியாளரை மாற்றுவதே முறை என்று இயக்குநருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அதற்கு முன்பு இரண்டு வாரங்கள் உட்கார்ந்து, ‘இன்னும் ஓராண்டு பொறுப்போம்’ என்ற வழியையும் ‘இப்போதே மாற்றுவோம்’ என்ற வழியையும் பிற பல்கலைக்கழகங்களின் அனுபவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் சொல்லிக் கடந்துவிடலாம். பயிற்சியாளரை நீக்கினால் மீதமுள்ள ஒப்பந்தத்துக்கான தொகையைக் கொடுத்தாக வேண்டும். நீக்காவிட்டால் அரங்கம் காலியாகும், நன்கொடை குறையும். அடிக்கடி ஆளை மாற்றும் இடத்துக்கு நல்ல பயிற்சியாளர் வரத் தயங்குவார். மாற்றவே மாற்றாத இடத்துக்கு நல்ல ஆட்டக்காரர் வரத் தயங்குவார். இவை இரண்டு தட்டிலும் ஏறக்குறையச் சம எடையில் நிற்பவை என்பதால், இவற்றை வைத்து யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதற்குக் கல்லூரிக் கூடைப்பந்தில் எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது வட கரோலைனா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகம். 1980-ல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்த மைக் ஷஷெஃப்ஸ்கி, அதற்கு முந்தைய பருவத்தில் ராணுவக் கல்லூரி அணியுடன் 9 ஆட்டங்களில் வென்று 17-ல் தோற்றவர். டியூக்கில் அவருடைய இரண்டாம் பருவம் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாம் பருவம் 11 வெற்றி, 17 தோல்வி. 1983 மார்ச்சில், டியூக் இடம்பெற்ற ஏசிசி என்னும் கான்ஃபரன்ஸின் (பருவம் முழுவதும் தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) போட்டித் தொடரில் வர்ஜீனியாவிடம் 109-க்கு 66 என்று தோற்றபோது, நன்கொடையாளர்களில் பலர் அவரை அனுப்பிவிடச் சொல்லி நெருக்கினார்கள். இயக்குநர் டாம் பட்டர்ஸ் அதற்கு இணங்காததோடு, 1984 ஜனவரியில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தும் கொடுத்தார். 1986-ல் அந்த அணி 37 ஆட்டங்களில் வென்று தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. பின்னர் ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. பொறுமைக் கட்சிக்காரர்கள் இந்தக் கதையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாயடைத்துப் போயிருந்தேன்.

ஆனால் அந்தக் கதையில் பட்டர்ஸ் எதற்காகப் பொறுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1982 இலையுதிர்காலத்தில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ், டேவிட் ஹெண்டர்சன் ஆகியோர் முதலாமாண்டு மாணவர்களாக அங்கே வந்து சேர்ந்தார்கள். 11 வெற்றியும் 17 தோல்வியுமாக முடிந்த அந்தப் பருவத்தில் அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்தாம். 1986-ல் இறுதியாட்டத்துக்குச் சென்றவர்களும் அவர்களே. அன்றைய விதிப்படி ஓர் ஆட்டக்காரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே தோற்றாலும் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். டியூக் வாங்கிய அந்தக் கூடுதல் ஆண்டு வெறும் காத்திருப்பு அன்று; அடி வாங்கிக் கற்றுக்கொண்ட அதே அணி ஒரு வயது கூடித் திரும்பி வரும் என்ற உறுதி அதில் இருந்தது.

அந்த உறுதி இன்று இல்லை. இந்த ஒப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எண்ணுவது இதைத்தான். 2018-ல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. 2021-ல், ஒருமுறை மாறினால் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றாயிற்று. 2024-ல் எத்தனை முறை மாறினாலும் தடையில்லை என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே தன் வருவாயிலிருந்து, முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, தன் விளையாட்டு மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். இதன் விளைவாக, மார்ச்சில் தோற்ற அணி ஏப்ரலில் கலைகிறது. மே மாதத்தில் ஏறக்குறைய வேறோர் அணி சேர்கிறது. ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதைவிட அவர்களைக் கலையாமல் வைத்திருப்பதே இன்றைய பயிற்சியாளரின் பெரிய வேலை, பெரிய செலவு. தோற்றுக்கொண்டிருப்பவரால் அதைச் செய்ய இயலாது. எனவே, பிள்ளைகள் முதிர்வார்கள், ஓராண்டு கொடுங்கள் என்று இன்று கேட்பது வாடகை வீட்டுக் கொல்லையில் தென்னங்கன்று நடுவதைப் போன்றது. காய் காய்க்கும்போது நாம் அங்கே இருக்கப் போவதில்லை. இந்த உவமையில் கன்றே எழுந்து வேறு கொல்லைக்குப் போய்விடுகிறது என்பது கூடுதல் சங்கடம்.

இதற்கு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1984-ல் ஆட்டக்காரராக அந்த அணிக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்த பேட்ரிக் யூயிங், 2017-ல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 2021-ல் யாரும் எதிர்பாராத வகையில் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் தொடரை வென்றார். மறு பருவத்தில் 6 வெற்றி, 25 தோல்வி. கான்ஃபரன்ஸுக்குள் 19 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றியில்லை. ரசிகர்கள் கொதித்துப் போயிருந்த அந்த வசந்தத்தில் நிர்வாகம் அவருக்கு இன்னோர் ஆண்டு கொடுத்தது. அந்த ஆண்டு ஆடியவர்கள் யார்? பிரைமோ ஸ்பியர்ஸ் டுகேனிலிருந்தும், பிராண்டன் மரே லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்தும், அகோக் அகோக் கனெக்டிகட்டிலிருந்தும் வந்தவர்கள். குதுஸ் வஹாப் 2021-ல் அதே ஜார்ஜ்டவுனில் ஆடியவர். பின்னர் மேரிலாந்துக்குப் போய், ஓராண்டில் திரும்பி வந்து, அடுத்து பென் ஸ்டேட்டுக்குப் போனார். அதாவது, நிர்வாகம் பொறுமை காட்டியது ஒரு பெயர்ப்பலகைக்கு. அதன் கீழே கடையில் இருந்த சரக்கு முழுவதும் மாறிவிட்டிருந்தது. விளைவு 7 வெற்றி, 25 தோல்வி. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் தொடர்ந்து 29 தோல்விகளைக் கண்ட பிறகுதான், 2023 ஜனவரியில் டீபால் அணிக்கு எதிராக அந்தச் சங்கிலி அறுந்தது. மார்ச்சில் யூயிங் நீக்கப்பட்டார்.

லூயிவில் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் பயனுள்ளது. ஒரே இடத்தில், ஒரே இயக்குநரின் கீழ், இரண்டு வழிகளும் அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்டன. 1986-ல் டியூக்கை இறுதியாட்டத்தில் 72-க்கு 69 என்று வென்ற லூயிவில் அணியில் முதலாமாண்டு மாணவராக இருந்த கென்னி பேன், 2022-ல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் மூன்று ஆட்டங்களிலும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அந்தப் பருவம் 4 வெற்றி, 28 தோல்வி என்று முடிந்தது. இயக்குநர் ஜோஷ் ஹெர்ட் ஓராண்டு பொறுத்தார். இல்லினாயிலிருந்து ஸ்கை கிளார்க், தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து டிரே ஒயிட் என்று புதியவர்கள் வந்தார்கள். பருவம் தொடங்குமுன் நடந்த காட்சி ஆட்டத்தில் கென்டக்கி வெஸ்லியன் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியிடமே தோற்றார்கள்; 8 வெற்றி, 24 தோல்வி என்று முடித்தார்கள்; கிளார்க்கும் ஒயிட்டும் அடுத்த வசந்தத்தில் கிளம்பிவிட்டார்கள். ஓராண்டுப் பொறுமையால் கிடைத்தது நான்கே நான்கு கூடுதல் வெற்றிகள்.

2024 மார்ச்சில் பேனை நீக்கிவிட்டு, சார்ல்ஸ்டன் கல்லூரியிலிருந்து பேட் கெல்சியை அழைத்து வந்தார்கள். அவர் கிட்டத்தட்ட வெறும் அறையில் நுழைந்தவர். விஸ்கான்சினின் சக்கி ஹெப்பர்ன், ஜேம்ஸ் மேடிசனின் டெரன்ஸ் எட்வர்ட்ஸ், தம்மோடு சார்ல்ஸ்டனிலிருந்து வந்த ஆஸ்திரேலியர் ரெய்ன் ஸ்மித் என்று சில வாரங்களில் ஓர் அணியைத் திரட்டினார். அந்த அணி 27 ஆட்டங்களில் வென்றது, 8-ல் தோற்றது. ஏசிசிக்குள் மட்டும் 18 வெற்றி, 2 தோல்வி. 2019-க்குப் பிறகு முதல் முறையாக மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குள் நுழைந்து, முதல் ஆட்டத்திலேயே கிரெய்டனிடம் தோற்றது. அது எந்த ரசிகரையும் பெரிதாக வருத்தியிருக்காது என்று நினைக்கிறேன். இருபத்திரண்டாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில் இரண்டு குளிர்காலம் காற்று வாங்கியவர்களுக்கு அந்த ஒரு மார்ச் போதும்.

ஒப்பந்த முறிவுத் தொகைதான் பொறுமைக் கட்சியின் அடுத்த வாதம். பேனுக்காக லூயிவில் ஏற்ற சுமை ஏறத்தாழ 80 லட்சம் டாலர். அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு, முந்தைய பயிற்சியாளர் கிறிஸ் மேக்கைப் பிரிவதற்கும் 48 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். சிறிய தொகைகள் அல்ல; ஓராண்டு பொறுத்தால் இதில் ஒரு பகுதி மிச்சமாகும் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஓராண்டில் வெளியேறுபவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களை வாங்கியாக வேண்டும், அதையும் தோற்ற பயிற்சியாளரின் கையில் கொடுத்து வாங்க வேண்டும் என்பது கணக்கில் சேர்வதில்லை. மறு ஆண்டு அவரையும் நீக்கினால், அவர் சேர்த்த ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் போய்விடுவார்கள். ஒரே அணியை இரண்டு முறை விலை கொடுத்து வாங்கியவர்களாவோம்.

மாற்றம் எப்போதும் மருந்தாகும் என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு எதிராக நிற்கும் சான்று இண்டியானா பல்கலைக்கழகம். 2021-ல் ஆர்ச்சி மில்லரை நீக்க ஒரு கோடி டாலருக்கு மேல் தேவைப்பட்டது. அதைத் தனியார் நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். அடுத்து வந்த முன்னாள் மாணவர் மைக் உட்சன் முதல் இரண்டு பருவங்களிலும் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்; அடுத்த இரண்டில் முடியவில்லை. 2025 பிப்ரவரியில், பருவ முடிவோடு விலகுவதாக அறிவித்தார். ஐந்து பட்டங்கள் பெற்ற அந்த அணிக்கு 1987-க்குப் பிறகு பட்டமில்லை. 2000-ல் நெடுங்காலப் பயிற்சியாளர் பாப் நைட் போன பின்பு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். ஜார்ஜ்டவுனிலும் யூயிங்குக்குப் பின் வந்த எட் கூலி முதல் பருவத்தில் 9 வெற்றி, 23 தோல்வியோடுதான் தொடங்கினார். இரண்டாம் பருவத்தில்தான் 18 வெற்றி, 16 தோல்வி என்று நிமிர்ந்தார். கெல்சியைப் போல ஒரே ஆண்டில் தலைகீழாக்குபவர் அரிது.

இங்கேதான் தலைமையைப் பற்றிய கேள்வி வருகிறது. யூயிங், பேன், உட்சன் மூவரும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வீட்டுப் பிள்ளைகள். யூயிங்கும் பேனும் அதற்கு முன்பு எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே இல்லை. பழைய மாணவர்களின் பாசத்தை வாங்க ஒரு பழைய வீரரை நியமிப்பது இயக்குநருக்கு எளிது. அந்தப் பாசமே பிறகு அவரை நீக்கவிடாமல் தடுக்கிறது. அப்படியானால் பயிற்சியாளரோடு இயக்குநரையும் மாற்ற வேண்டாமா என்று என் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இதில் எனக்கு உறுதியில்லை. பேனை நியமித்த அதே ஹெர்ட்தான் கெல்சியையும் கண்டுபிடித்தார். ஒருமுறை தவறியவர் மறுமுறை சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு அவரே சான்று. ஒரு சான்றை வைத்துக்கொண்டு விதி எழுதிவிடவும் முடியாது.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பார்த்த கணக்குகள் எல்லாம் பணமும் பெரிய அரங்கமும் உள்ள பல்கலைக்கழகங்களுடையவை. பேருந்தில் பயணம் செய்து, மூவாயிரம் பேருக்கு முன்னால் ஆடும் சிறிய கல்லூரிகளில், முறிவுத் தொகையே ஓராண்டு வரவுசெலவைக் கவிழ்த்துவிடும். அங்கே பொறுமை அறிவுடைமையாகவே இருக்கக்கூடும். முதல் பருவத்திலேயே மூன்று முக்கிய ஆட்டக்காரர்களைக் காயத்தால் இழந்த பயிற்சியாளரை நீக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது. எங்கள் பயிற்சியாளருக்கு அந்தச் சாக்கு இல்லை.

என் பக்கத்து இருக்கைக்காரர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். டியூக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவரும் அவர்தான். ஏப்ரலில் அவர் தம் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, இயக்குநரைப் போலவே ஓராண்டு பொறுக்கும்படி எனக்கும் அறிவுரை சொன்னார். மே மாத இறுதிக்குள் எங்கள் அணியில் கடந்த ஆண்டு அதிக நேரம் ஆடிய ஐவரில் நால்வர் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். நான் அவரைத் திரும்ப அழைத்து, யாருக்காகப் பொறுக்கிறோம் என்று கேட்டேன். புதிதாக வருபவர்களின் பெயர்ப் பட்டியல் தமக்கு இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்றார். பதினோர் ஆண்டு மூப்பில் எனக்குக் கிடைத்திருந்த அந்த இரண்டு இருக்கைகளும் இப்போது பொது விற்பனையில் இருக்கின்றன. நவம்பரில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும், அவருக்குப் பக்கத்து இருக்கையைத் தனி டிக்கெட்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.