தேவிபட்டினத்தில் ஒரு வேங்கைக் கதவு: 15 மழைக்காலம் கழித்து

வீடு கட்டப்போகிற தம்பிமார் இரண்டு பேர் இந்த மாதம் வந்து எங்கள் தலைவாசல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தட்டினால் கல்லைத் தட்டியதுபோல 'டொக்'கென்று கேட்கும். "வேங்கை போடலாமாண்ணே?" என்பதுதான் கேள்வி. அவர்களிடம் வாசலில் நின்று சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது; கடல் கூப்பிடு தூரம். 2010 தையில் பால் காய்ச்சினோம். அப்பாவுக்குத் தேக்கு ஆசை. ஆனால் இருந்த பணம் நிலைகளுக்கே சரியாகப் போயிருக்கும். ஆசாரிதான் வேங்கைப் பக்கம் திருப்பினார். நிலைகள், தலைவாசல் கதவு, கடல் பக்கத்து ஜன்னல் இரண்டு, திண்ணைக்கு ஒரு பெஞ்சு, எல்லாம் வேங்கை. சங்கப் பாட்டில் குறிஞ்சிக்கு உரிய மரம். அதை நெய்தலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

கனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ந்த தேக்கு ஒரு கன அடி 18 கிலோ அளவில் நிற்கும். வேங்கை 22 கிலோவைத் தாண்டும். தலைவாசல் கதவை மாட்ட நாலு பேர் வேண்டியிருந்தது. மூன்று கீல் போதாது என்று நாலு போட்டார் ஆசாரி. இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் இழைப்புளி பிய்த்துக்கொண்டே வந்தது. கூலியும் அதற்கேற்ப ஏறியது. விலையில் மிச்சம் பிடித்தோம் என்று துள்ளிக்கொண்டிருந்த அப்பா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் ஐப்பசியில்தான் வேங்கையின் குணம் தெரிந்தது. வாடைக்காற்றோடு சாரல் அடித்து ஜன்னல் நிலை நனைந்தது. மறுநாள் காலை பார்த்தால், கீழே வெள்ளைச் சுவரில் காவியும் மஞ்சளுமாகக் கோடு கோடாக வழிந்திருக்கிறது. யாரோ வெற்றிலை துப்பியதாக நினைத்து அம்மா திட்டத் தொடங்கிவிட்டாள். வேங்கைக்குள் இருக்கும் சாயம் தண்ணீர் பட்டால் இறங்கும். மேலே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் கறை மறையவில்லை. "மூணு மழை அழுதாத்தான் ஓயும் தம்பி" என்றார் ஆசாரி. எங்களுக்கு நாலு ஆனது. அதனால் நிலையை நிறுத்தும் முன்பே, சுவருக்குள் போகும் பக்கம் உட்பட, எல்லாப் பக்கமும் பிரைமரோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். ஈரத் துண்டை வேங்கைப் பெஞ்சில் போடாதீர்கள். என் வெள்ளை வேட்டி ஒன்று அப்படித்தான் போனது.

இதே தண்ணீரைத்தான் சர்க்கரைக்கு நல்லது என்று வேங்கை டம்ளரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு டம்ளர் கிடக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

அப்புறம் இரும்பு. உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிப்பது நமக்குப் புதிதல்ல. வேங்கையில் அதற்கு மேல் ஒன்று உண்டு. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே சங்கதி. கடல் பக்கத்து ஜன்னலில் இரும்புக் கீல் இரண்டு முறை இற்றுப் போனது. மரத்தில் திருகு போன ஓட்டை கூடத் தளரவில்லை. இப்போது எல்லாம் பித்தளை. காசைப் பார்க்காமல் முதலிலேயே பித்தளைக்குப் போயிருக்க வேண்டும்.

கரையான் தொட்டதா என்றால், வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தைத் தொடவில்லை. ஆனால் மரவாடியில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள். சமையலறை ஜன்னல் நிலையில் ஒரு ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் முற்றாத வெளிமரம். பெயின்ட் அடித்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வருடம் அடியில் மாவு கொட்டத் தொடங்கியது. கத்தியால் குத்தினால் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. வெள்ளை முடிந்து செம்பழுப்பு தொடங்கும் கோட்டில், கோடு கிழித்தாற்போல், பூச்சி நின்றுவிட்டது. அதற்கப்பால் கத்திமுனை இறங்கவில்லை. வாங்கும்போது இரண்டு முனையையும் நனைத்துப் பாருங்கள். வைரம் எது, வெள்ளை எது என்று அப்போதே பிரிந்து தெரியும்.

நான் செய்த தப்பு ஒன்றும் உண்டு. முதல் கார்த்திகையில் தலைவாசல் கதவு உப்பிப் பிடித்தது. அவசரப்பட்டு மழையிலேயே ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இழைக்கச் சொன்னேன். பங்குனியில் பார்த்தால் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி. பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டு, வெயிலில் எது உரசுகிறதோ அதை மட்டும் இழைக்க வேண்டும்.

உள் அறைக் கதவுக்கு வேங்கை வீண்செலவு. கட்டிலுக்கும் வேண்டாம், ஒருமுறை போட்டால் போட்ட இடம்தான். சின்னச் சாமான்களுக்கு நம் கரையிலேயே நிற்கும் பூவரசு போதும். அப்பத்தாவின் பூவரசு முக்காலி என் வயதைத் தாண்டி நிற்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்க்கிறேன். தேய்க்காமல் விட்ட வருடம் கடல் பக்கம் சாம்பல் பூத்தது. அது மேல்தோல்தான், உப்புத்தாள் போட்டால் பழைய நிறம் திரும்பிவிடுகிறது.

இப்போது மாடி எடுக்கிறோம். அந்த ஆசாரி இல்லை, அவர் மகன் வருகிறான். அதற்கும் வேங்கைதான். இந்த முறை ஒரு வருடம் முன்னதாகவே பலகையை இறக்கி, இடையில் குச்சி வைத்து அடுக்கி, முனைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தாழ்வாரத்தில் காயப்போட்டிருக்கிறேன். அடுக்கின் மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. மகள் யாரையும் கிட்டே விடுவதில்லை.