நான்கு நிறத் தோள்பை பின்னும் கிட்: வாங்கலாமா?

மார்ச் மாதம் நெருங்கும்போது இங்கே மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகர நூல் கடை ஒன்றில் விற்பனைக்கு வரும், நம் நாட்டுக் கொடியின் நிறங்களில் தோள்பை பின்னுவதற்கான கிட்டை எங்கள் கோவில் மகளிர் குழுவில் பலர் வாங்கிப் பின்னினோம். பையின் அமைப்பு நன்கு சிந்திக்கப்பட்டது. கைப்பிடிக்கு அந்த அக்கறை காட்டப்படவில்லை. 750 ரூபாய்க்கு நிறத்துக்கு 100 கிராம் வீதம் பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் பின்னலூசிகள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட செய்முறைத் தாள் ஆகியவை கிடைக்கின்றன. நூல் தாராளமாகவே இருக்கிறது.

நாடு விடுதலை பெற்ற 1968 மார்ச் 12 அன்று சாம்ப் தெ மார்ஸ் திடலில் ஏற்றப்பட்ட கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு பட்டைகளும் ஒரே அகலம் உடையவை. சிவப்பு மேலே இருக்க வேண்டும். இந்த நிறங்கள் முறையே விடுதலைப் போராட்டம், இந்தியப் பெருங்கடல், விடுதலையின் ஒளி, ஆண்டு முழுவதும் பசுமை காட்டும் வயல்கள் என்று பள்ளியில் படித்த பொருளை உடையவை என்பதால், பையிலும் அந்த வரிசையும் அளவும் பிசகக் கூடாது என்றே நான் எதிர்பார்த்தேன். இந்தக் கிட் அதைக் காப்பாற்றியிருக்கும் விதம் பாராட்டத்தக்கது. முன்பக்கம், பின்பக்கம் என இரு துண்டுகளாகப் பின்னி அடியில் தைக்கச் சொல்லாமல், சிவப்பில் தொடங்கி நீலம், மஞ்சள் வழியாகப் பச்சைக்கு வந்து, பச்சையை இரு மடங்கு நீளத்துக்குப் பின்னி, மீண்டும் மஞ்சள், நீலம், சிவப்பு என்று முடிக்கும் ஒரே நீளத் துண்டாக அதை அமைத்திருக்கிறார்கள். பச்சையின் நடுவில் மடித்தால் இரு பக்கமும் சிவப்பு மேலே நிற்கிறது. சுமை முழுவதும் இறங்கும் அடிப்பகுதியில் தையலே இல்லை. எல்லா வரிசைகளையும் ஒரே விதமாகப் பின்னும் கார்ட்டர் பின்னல் தலைகீழாகப் பார்த்தாலும் ஒன்றுபோல் தெரியும் என்பதால், மடித்த இரு பக்கங்களுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் இரட்டைப்படை வரிசைகளே குறிக்கப்பட்டிருப்பதால் நிறம் மாறும் இடம் எப்போதும் வெளிப்பக்கத்திலேயே தொடங்கி, கோடு சுத்தமாக விழுகிறது.

ஆனால் இதே கார்ட்டர் பின்னல் நீளவாக்கில் எளிதில் இழுபடும். பருத்தி நூலுக்குக் கம்பளியைப் போல் திரும்பச் சுருங்கும் தன்மையும் இல்லை. காவடி நாளில் இரண்டு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துத் தோளில் மாட்டியபோது பை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. மெல்லிய பின்னல் பட்டையாக வரும் கைப்பிடி அதைவிட மோசம். ஒரு முறை நீண்டது பிறகு பழைய அளவுக்கு வரவே இல்லை. தாழை ஓலையில் முடையும் நம் சந்தைக் கூடை எத்தனை கிலோ கத்தரிக்காய் வைத்தாலும் உருக்குலைவதில்லை. பிளாஸ்டிக் பைகளுக்கு 2016இல் தடை வந்த நாட்டில், தோள்பை என்று விற்பவர் அந்த உறுதியை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே நெய்த பருத்தித் துணியால் லைனிங் வைத்து, கைப்பிடியின் பின்புறம் அகலமான பருத்தி நாடாவைத் தைத்துவிட்டால் இந்தக் குறை தீர்கிறது. செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிவப்பு நூலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். முதல் சலவையில் அதன் சாயம் கசிந்து, ஈரத்தோடு மடித்து வைத்த பையில் மஞ்சள் பட்டைமீது படிந்தது. பின்னுவதற்கு முன் சிறிது சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பது நல்லது. சாயம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை நூலைக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்திய பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும்.

கண்ணி ஏற்றவும் முடிக்கவும் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். லைனிங் துணிக்கும் நாடாவுக்கும் தனியாகச் சிறிது பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த மார்ச்சுக்குள் அந்த இரண்டையும் கிட்டிலேயே சேர்த்து, விலையைச் சற்று உயர்த்தினாலும் எங்கள் குழுவினர் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.