துனிசியாவுக்கான 30 நாள் ஜெபக் கையேடு: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். வட ஆப்பிரிக்காவில் இருக்கும் துனிசியா நாட்டு மக்களுக்காக 30 நாள் ஜெபிக்க உதவும் சின்னப் புத்தகம் இது. நாளுக்கு இரண்டு பக்கம்: இடப்பக்கம் அந்த நாட்டைப் பற்றி ஒரு விவரம், வலப்பக்கம் மூன்று நான்கு ஜெபக்குறிப்புகள், கீழே ஒரு வசனப்பகுதி. அச்சுப் பிரதியும் இருக்கிறது, போனில் வாசிக்கும் கோப்பும் இருக்கிறது. கோப்பில் வரைபடத்தைப் பெரிதாக்கினால் ஊர்ப்பெயர்கள் கலங்கிப்போகின்றன, அதனால் அச்சுப் பிரதியே நல்லது. குறைகளும் உண்டு, அதில் ஒன்று பெரிய குறை, கீழே எழுதியிருக்கிறேன்.

இஸ்லாமிய நாடுகளுக்கான ஜெபக் கையேடுகளில் அட்டையில் முக்காடிட்ட ஒரு பெண், உள்ளே சதவீதக் கணக்கு, இருளில் கிடக்கும் தேசம் என்ற பல்லவி, இவ்வளவோடு நின்றுவிடுகிறவை பல. எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் பார்ப்பேன். அந்த நாட்டுக்காரர் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து இதே பக்கத்தை வாசித்தால், நம் வீட்டாரைப் பற்றிச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குப் படுமா, முகம் சுண்டிப்போகுமா? ஒரு மனுஷனுக்கு முன்னால் சொல்லக் கூசுகிற வார்த்தையை ஆண்டவருக்கு முன்னால் மட்டும் எப்படிச் சொல்வது?

பெரும்பாலான நாட்களில் இந்தப் புத்தகம் அந்தக் கேள்விக்கு நன்றாகவே நிற்கிறது. முதல் வாரத்தில் விண்ணப்பமே கிடையாது, முழுக்க ஸ்தோத்திரம்தான். வடக்கே செஜ்னேன் பகுதிப் பெண்கள் ஓடைப் படுகைகளிலிருந்து மண் எடுத்து வந்து, சக்கரம் இல்லாமல் கையாலேயே பாத்திரமும் பொம்மையும் வனைகிறார்கள், யுனெஸ்கோ 2018-இல் அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைகளுக்காக ஒரு நாள். கெர்கென்னா தீவுகளில் ஆழமில்லாத கடலில் பனையோலை மட்டைகளை வரிசையாக நட்டு, அலையும் நீரோட்டமும் மீனைத் தாமாகவே கூட்டுக்குள் கொண்டுவரச் செய்கிறார்கள். கோடையில் கடலுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு நாள். மிளகாயை உலர்த்தி அரைத்து ஹரிஸ்ஸா செய்யும் குடும்பங்களுக்கு ஒரு நாள். இதெல்லாம் ஜெபக்குறிப்பா என்று சிலர் கேட்கலாம். ஆம், ஜெபக்குறிப்புதான். ஒரு ஜனத்திடம் என்ன நன்மை இருக்கிறது என்று தெரியாமல் அவர்களுக்கு என்ன குறை என்று கேட்கப் போனால் அந்த ஜெபத்தில் அன்பு இருக்காது, பரிதாபம்தான் இருக்கும்.

புத்தகத்தின் உயிர் இரண்டாவது வாரத்தில் இருக்கிறது. துனிசியக் கரையிலிருந்து இத்தாலியின் லம்பெதூசா தீவு 150 கிலோமீட்டருக்கும் குறைவு, அதனால்தான் வேலை கிடைக்காத இளைஞர்கள் சின்னப் படகுகளில் ஏறிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஜர்ஜிஸ் ஊரிலிருந்து 18 பேரோடு போன படகு திரும்பவில்லை. கரையொதுங்கிய உடல்களில் சில, யாருடையவை என்று சரிபார்க்காமலே அகதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது தெரியவந்ததும் ஊரே தெருவில் இறங்கியது. கையேடு இதை ஊதிப் பெரிதாக்காமல் சொல்லிவிட்டு, மகன் எங்கே என்று தெரியாத தாய்மாருக்காகவும், மீன்பிடிக்கப் போய் ஆட்களைக் காப்பாற்றிக் கொண்டுவரும் ஜர்ஜிஸ் மீனவர்களுக்காகவும், கரையோரக் காவல்படையினருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. வசனப்பகுதி சங்கீதம் 107, கடலில் தத்தளிக்கிறவர்களின் கூக்குரலைக் கர்த்தர் கேட்கும் சங்கீதம். இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கான பக்கமும் அப்படித்தான். ஒலிவ எண்ணெயில் உலகின் பெரிய உற்பத்தி நாடுகளில் ஒன்று துனிசியா. அந்த ஒலிவப் பழங்களைப் பறிக்கும் பெண்கள் திறந்த வண்டிகளில் நின்றபடி நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். 2019 ஏப்ரலில் சிதி பூசித் மாகாணத்தில் நடந்த விபத்தில் அப்படிப் போன பலர் இறந்தார்கள். 2010 டிசம்பரில் முகமது பூஅஜீஸி என்ற தெரு வியாபாரி தீக்குளித்து, அரபு நாடுகளில் மக்கள் எழுச்சிக்குப் பொறியாக அமைந்த அதே மாகாணம். 1956-லேயே பலதார மணத்தைத் தடைசெய்து, பெண்களுக்கான சட்டத்தில் அரபு நாடுகளுக்கு முன்னோடியாக நின்ற நாடு அது, அப்படியிருந்தும் வயலுக்குப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பான ஒரு வண்டி கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, இப்போது குறை. மூன்றாவது வாரத்துக்கு வந்ததும் புத்தகத்தின் குரலே மாறிவிடுகிறது, வேறு யாரோ எழுதிச் சேர்த்ததுபோல இருக்கிறது. கோட்டைகள் தகரட்டும், கட்டுகள் அறுக்கப்படட்டும், அந்தகார வல்லமைகள் விழட்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் யுத்தம்தான். கைருவான் நகரத்துக்கான நாளைப் பாருங்கள். 670-இல் தொடங்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் உள்ள ஊர், கம்பள நெசவுக்கும் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரத்துக்கும் பேர்போன ஊர். அந்த ஊரில் வாழ்கிற ஒரு மனுஷனைப் பற்றி ஒரு வரி இல்லை, முழுப் பக்கமும் நகரத்தை ஒரு எதிரிக் கோட்டையாகவே பார்க்கிறது. அவர்கள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு, அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. ஆனால் நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்து அழுதார், அந்த அழுகை இந்தப் பக்கங்களில் இல்லை. அந்த வாரத்தில் இடப்பக்க விவரத்தை மட்டும் வாசித்துவிட்டு, உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபியுங்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்காக, தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையனுக்காக என்று தொடங்கினாலே போதும், வார்த்தை வந்துவிடும்.

அப்புறம், சபையின் பழைய வரலாற்றுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பது போதாது. இன்றைய துனிஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் கார்த்தேஜில்தான் 203-ஆம் ஆண்டு பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் இரத்தசாட்சியாக மரித்தார்கள். ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இன்னொருத்தி சிறையிலேயே பிள்ளை பெற்ற அடிமைப் பெண். கொள்ளைநோய்க் காலத்தில் விசுவாசி, அவிசுவாசி என்று பாராமல் எல்லாரையும் கவனிக்கச் சொன்ன பிஷப் சிப்ரியானும் அந்த ஊர்க்காரர்தான், 258-இல் தலை வெட்டப்பட்டார். கிறிஸ்தவத்தை அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து நாம் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு நமக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது தெரியும். லா கூலெட் துறைமுகத்தில் ஆகஸ்ட் 15 அன்று சிசிலி மீனவர்கள் தொடங்கிய மாதா பவனியில் முஸ்லிம்களும் யூதர்களும் கூடவே நடந்த காலம் இருந்தது. அதைச் சொல்லவே இல்லை.

இன்னொரு விடுதல், சஹாராவுக்குத் தெற்கேயிருந்து வந்த ஆப்பிரிக்கர்கள். துனிஸ் நகரச் சபைகளில் ஞாயிறன்று உட்கார்ந்திருப்பவர்களில் இவர்கள் கணிசம், மாணவர்கள், கூலி வேலைக்காரர்கள். 2023 பிப்ரவரியில் ஜனாதிபதி கயிஸ் சயீத் இந்த ஆப்பிரிக்கர்களைச் சாடிப் பேசிய பிறகு இவர்களில் பலர் வாடகை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். இவ்வளவு நடந்தும் கையேட்டில் இரண்டே வரி.

ஒரு விஷயத்தில் மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். உள்ளூர் விசுவாசிகளின் பெயர், முகம், கூடும் இடம் எதையும் போடவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரம் 2014 அரசியலமைப்பிலும் இருந்தது, 2022-இல் வந்ததிலும் இருக்கிறது. ஆனாலும் மதம் மாறியவருக்கு நெருக்கடி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும், அப்பா, அண்ணன், மாமியார் வீடு என்று. மனதைத் தொடும் சாட்சி ஒன்றைப் போட்டால் நமக்கு உற்சாகமாக இருக்கும், அங்கே ஒருவருக்குக் குடும்பமே போய்விடலாம். போடாமல் விட்டது சரி.

தனியாக ஜெபிக்கிறவர்களுக்கு நாளுக்கு ஒன்று என்பது சரியாக வரும். குழுவாக என்றால் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளை ஒன்றாக ஓட்டினால் படகுப் பக்கமும் பத்து நிமிஷத்தில் கடந்துபோய்விடும். ரமலான் மாதத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது, நோன்பு திறக்கிற நேரத்தில் அவர்கள் வீட்டு மேசையை நினைத்துக்கொண்டே ஜெபிக்கலாம். மறுபதிப்பு போடுகிறவர்கள் இதை வாசித்தால் ஒரு விண்ணப்பம்: மூன்றாவது வாரத்தைத் திரும்ப எழுதுங்கள், எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு துனிசியரிடம் வாசிக்கக் கொடுங்கள்.