பவளம் விற்காத சங்குக் கடை

கன்னியாகுமரியில் பகவதி அம்மன் கோயிலிலிருந்து காந்தி மண்டபம் வரையுள்ள கடைவரிசையில் சங்கும் சிப்பியும் விற்காத கடையைக் காண்பதுதான் அரிது. அவற்றுள் ஒரு சிறிய கடை பவளத் துண்டுகளை வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கேட்டு வருவோரிடம் அதற்கான காரணத்தையும் சொல்லி அனுப்புகிறது.

நான் சென்றிருந்தபோது, வெளியூர்க் குடும்பம் ஒன்று மீன்தொட்டியில் வைப்பதற்கு வெள்ளைப் பவளம் கேட்டது. "அதை விக்கக்கூடாது சார், கேஸாயிரும்" என்றார் கடைக்காரர். கடினப் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே அவர் சொன்னது சரியே. ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகும் தம்பியைக் குறிப்பிட்டு, "பாரு போச்சுன்னா களவாவும் போச்சு, விளமீனும் போச்சு" என்றார். பாரு என்பது கடலடிப் பாறைத்திட்டு; களவாவும் விளமீனும் அதைச் சார்ந்து வாழும் மீன்கள். வந்தவர்கள் ஒரு வெண்சங்கை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டிரைட்டன் எனப்படும் நீண்ட கூம்பு வடிவச் சங்கும் இக்கடையில் இல்லை. அதுவும் அதே அட்டவணையில் உள்ளது. பவளத்தைத் தின்று அழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனைத் தன் இரையாகக் கொள்ளும் சில உயிர்களுள் அது ஒன்று என்பதை, அதை அலமாரியில் அழகுக்கு வைப்போர் பெரும்பாலும் அறிவதில்லை.

ஒரு கடை பவளம் விற்காததால் கடலின் வெப்பம் குறைந்துவிடாது. நமக்கு அடுத்துள்ள மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் மிகுதியாகச் சூடேறியபோது, பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறி, பாறைகள் வெளுத்துப்போயின. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. சில வாரங்களுக்குள் நீர் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். வெட்டப்படாத, வண்டல் மூடாத, கழிவுநீர் சேராத பாரில்தான் அவ்வாறு மீளும் வாய்ப்பு அதிகம்; உள்ளூர்த் தொழில்கள் செய்யக்கூடிய உதவியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளத்தை வெட்டிய காலத்தின் விளைவாக அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின.

சரக்கைப் பொறுத்தவரை சிப்பித் திரைச்சீலைதான் என் தேர்வு. கடலோர ஊர்களின் சுயஉதவிக் குழுப் பெண்கள் கோத்துத் தருவது அது. ஒவ்வொரு சிப்பிக்கும் மேலும் கீழும் நரம்பு முடிச்சு தனித்தனியே போடப்பட்டிருப்பதால், ஓர் இழை அறுந்தாலும் மொத்தமும் உதிர்வதில்லை. சங்கு வளையல்களின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. சாயம் ஏற்றிப் பளபளக்கும் பூச்சடித்த சோவிகள் மட்டும் கண்ணை உறுத்துகின்றன. விரலில் சாயம் ஒட்டவும் செய்தது.

குறை என்று சொன்னால், சரக்கு எந்தக் கடற்பகுதியிலிருந்து, யார் மூலம் வந்தது என்ற குறிப்பு எதிலுமே இல்லை. தூத்துக்குடி, கீழக்கரை என்று வாயால் சொல்கிறார்கள். சீட்டில் எழுதி ஒட்டுவதற்கு என்ன தடை? அதைவிடப் பெரிய குறை பின்கட்டில் இருக்கிறது. சங்கின் மேலோடு நீங்க அமிலத்தில் முக்கிக் கழுவும் நீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. அந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்பதை இவ்வூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பவளத்தின் பேரில் வந்தவரைத் திருப்பி அனுப்பும் கடைக்கு இது பொருந்தவில்லை. கழுவுநீரைச் சுண்ணாம்பிட்டுச் சமன்செய்த பிறகு வெளியேற்றுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையும் அன்று. கேட்டபோது, வரிசையிலுள்ள கடைகள் சேர்ந்து ஒரு தொட்டி கட்டினால் தாமும் பங்கு தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

விலை அக்கம்பக்கத்தைவிடச் சற்றே கூடுதல். பேரம் கிடையாது, ரசீது உண்டு. ஐயப்ப சீசனில் நிற்கவும் இடமிருக்காது என்பதால், வேலை நாளில் காலையில் போவது நல்லது.