அரசு விளம்பரப் படம்: மாநிலத்துக்குள்தான் எடுக்கணுமா, எங்கே எடுத்தாலும் சரியா?

வரிப்பணத்தில் எடுக்கும் விளம்பரத்துக்கு இடத்தைக் கட்டாயமாக்கலாமா, ஏஜென்சியிடமே விடலாமா?

செலவு
உள்ளே: அறை, சாப்பாடு, வண்டி வாடகை, உள்ளூர்க் கலைஞர் சம்பளம் எல்லாம் அங்கேயே புழங்கும். கேமரா, லைட் வாடகைக்குக் கிடைக்காத ஊரென்றால் வரவழைக்கும் செலவு கூடும்.
வெளியே: ஸ்டூடியோ தயார், பணமும் வெளியே போகும்.

காலம்
உள்ளே: பனி, அறுவடைக் காட்சிகளை முந்தைய பருவத்திலேயே எடுத்து வைக்கணும்.
வெளியே: காத்திருக்க வேண்டாம்.

நம்பகம்
உள்ளே எடுப்பதுதான் மேல். 2016-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலச் சுற்றுலா வீடியோவில், ஐஸ்லாந்தின் ஹார்ப்பா அரங்கத்தின் முன் ஒருவர் ஸ்கேட்போர்டு ஓட்டும் காட்சி வந்துவிட்டது. பார்த்தவர்கள் கண்டுபிடித்ததும் வீடியோவை நீக்க வேண்டியதாயிற்று. இந்தப் பிழை எடிட்டிங்கில் நுழைந்தது. அதனால் 'படப்பிடிப்பு உள்ளே' என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. ஸ்டாக் காட்சிகளுக்கும் (வேறு யாரோ முன்பே எடுத்து வைத்த, வாங்கிச் சேர்க்கும் காட்சிகள்) அது பொருந்தும் என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடம், தேதி போட்ட பட்டியலும் எடிட் செய்யாத ஃபுட்டேஜும் கைக்கு வந்தபிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சுற்றுலா, விளைபொருள் விளம்பரங்களுக்கு இந்தக் கட்டாயத்தை வைக்கலாம். தடுப்பூசி, சாலைப் பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு அனிமேஷனே போதும். அங்கே உள்ளூர் நிறுவனத்துக்கு டெண்டரில் கூடுதல் மதிப்பெண் கொடுத்தால் சரி.